பரசுராமன் மீசைக்குச் செய்வினை வைத்தது யார்

அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த நூருல்லா பாயின் மல்லாட்டை மண்டிக்கு இரண்டு பூட்டு. ஒன்று இரும்பு, இன்னொன்று பரசுராமனின் மீசை. வளைந்த ஆணி ஒன்று கையில் இருந்தால் இரும்புப் பூட்டைத் திறந்துவிடலாம் என்பது ஊரறிந்த சேதி. மீசையைத் தாண்டி உள்ளே போகத்தான் ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எழுபத்தைந்தாம் வருஷம் மழை பொய்த்துக் கிணறெல்லாம் வறண்டு, நிலத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டவுனுக்கு வேலை தேடி வந்த கூட்டத்தில் பரசுராமனும் ஒருவர். மண்டி வாசலில் போய் நின்றார். மூட்டை தூக்குவாயா, எடை போடத் தெரியுமா என்றெல்லாம் பாய் கேட்கவில்லை. காதுவரை போய்த் திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மீசையைத்தான் பார்த்தார்.

“பேரு இன்னா?”

“பரசுராமன்ங்க.”

“சரியாத்தான் வெச்சிருக்காங்க. கேட்டாண்ட ஸ்டூலப் போட்டு உக்காரு. யாரையும் ஒண்ணும் கேக்க வாணாம். சும்மா பாரு, போதும்.”

சும்மா பார்ப்பதுதான் வேலை. மண்டிக்கு வண்டி ஓட்டி வருகிறவர்கள் அந்த மீசையைக் கண்டதும் பீடியை அணைத்தார்கள். எடையில் கை வைத்த தரகர்கள் கையை எடுத்தார்கள். பக்கத்து மண்டிக்காரர் பொறாமையில் தன் வாசலுக்கும் ஒரு மீசைக்காரனைப் பிடித்து வந்து உட்கார வைத்தார். எடுபடவில்லை. அவன் சிரித்துவிடுவான். பரசுராமன் சிரிக்கவே மாட்டார்.

சிரிக்காததற்குக் காரணம் வீரம் இல்லை, பயம். அந்த மீசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளைப்போலப் பயந்த ஆள் கார்த்திகை தீபம் ஏற்றும் மலையைச் சுற்றி எந்தத் தெருவிலும் கிடையாது. லாரி பின்னால் வந்தால் டயர் வெடித்துவிடுமோ என்று பயம். பல்லி கத்தினால் பயம். மகள் சந்திரகலா பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிஷம் தாமதமானால், பஸ்ஸில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், காரியம்வரைக்கும் மனசுக்குள்ளேயே முடித்துவிடுவார். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார். “யோவ், நான் உள்ளதான்யா இருக்கேன், என்ன வெச்சிப் பூட்டிட்டு எங்கய்யா போற?” என்று மனைவி ராஜம்மாள் கத்திய நாளும் உண்டு. யாராவது ஓங்குதாங்கான ஆள் கேட்டுப் பக்கம் வந்து மணி கேட்டாலே அவருக்கு வயிறு கலங்கும்.

வயிறு கலங்கினால் கை மேலே போகும். மீசைக்குப் போகும். விரல் அதற்குள் நுழைந்து தேடும். எதைத் தேடும்? மற்றதைவிடத் தடியாக, கம்பிபோல முறுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மயிரை. அது அகப்பட்டுவிட்டால் சுண்டி இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் தோலுக்கு உள்ளே எங்கேயோ அரிக்கிற மாதிரி இருக்கும், சொறிந்தால் தீராத அரிப்பு. இழுத்ததும் நெஞ்சில் ஒரு ஆசுவாசம் இறங்கும், ஒரு தம் பீடி இழுத்த மாதிரி. அதுவும் பீடி அளவுக்குத்தான் நிற்கும். பிறகு வெட்கம். வெட்கத்தைத் தொடர்ந்து, யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் கை திரும்பவும் மேலே போகும்.

எட்ட இருந்து பார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? ஆள் மீசையை முறுக்குகிறான் என்று தெரியும். பரசுராமனுக்குப் பயம் ஏற ஏற எதிரில் இருப்பவனுக்கு நடுக்கம் ஏறியது. இப்படியே ஐந்தாறு வருஷம் மண்டி பத்திரமாக இருந்தது.

பழக்கம் புதிதில்லை. பத்து வயதில், வாய்ப்பாடு ஒப்பிக்காதவனை வெயிலில் முட்டிபோட வைக்கும் வாத்தியாரிடம் படித்த காலத்திலேயே, உச்சந்தலையில் அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் அளவுக்கு ஒரு வழுக்கையை அவர் சொந்த முயற்சியில் உண்டாக்கியிருந்தார். புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயம் தேய்த்தார்கள். பையன் தானே பிடுங்குகிறான் என்று ஒருநாள் அப்பன் கண்டுபிடித்துப் புளியங்குச்சி ஒடியும்வரை அடித்தார். அடிக்குப் பயந்து இன்னும் பிடுங்கினான். கடைசியில் கோயிலுக்குக் கூட்டிவந்து மொட்டை போட்டார்கள். மொட்டைத் தலையில் கை வைத்துத் தேடிப்பார்த்துவிட்டு, கை ஏமாந்து இறங்கியது. எல்லாரும் வியாதி தீர்ந்தது என்றார்கள். மீசை முளைக்கும் வரைக்கும் தீர்ந்துதான் இருந்தது.

எண்பத்தொன்று, ஐப்பசி மாதம் பாய் அவரைக் கூப்பிட்டார்.

“பரசு, வெத மல்லாட்ட மூட்டைக்கு ஒரு படி கம்மியா வருது. உரிக்கிற பொம்பளைங்க மடியில போவுதுன்னு நெனைக்கிறேன். சாயந்திரம் வெளிய போறப்ப மடியப் பாரு.”

விதைக்கான மல்லாட்டையை மிஷினில் போட்டால் பருப்பு உடையும். அதனால் பெண்களை வைத்துக் கையால் உரிப்பார்கள். படிக்கு இவ்வளவு என்று கூலி. கேட்டுக்கு நேர் எதிரே கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் கூட்டம் அது. பரசுராமனுக்குத் திருடனைவிட இந்தப் பெண்களிடம் பயம் ஜாஸ்தி. அதிலும் ஆராயி என்றால் கேட்கவே வேண்டாம். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாதவள். மண்டிக்குப் பின்னால் சக்கரவர்த்தி என்பவருக்குச் சொந்தமான ஓட்டு வீட்டு வரிசையில் ஒரே ஒரு அறையில் குடியிருந்தாள். பயந்து பயந்து முதலில் அவளிடமே போய் மாட்டினார்.

“மடியில இன்னா ஆராயி?”

“ஏன், ஒம் பொண்டாட்டிக்கு மடி கிடையாதா? வூட்ல போய்ப் பாரு.”

“பாய் பாக்கச் சொன்னாரு.”

“பாய் சொன்னா வந்துடுவியா? எங்க, கைய வெச்சிப் பாரு பாக்கலாம்.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பரசுராமனின் கை மேலே போனது.

ஆராயிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஓ, மீசய முறுக்கிக் காட்டறியா என்கிட்ட? அந்த மீச ஒரு மசிரு மிச்சமில்லாம கொட்டிப் பூடும்யா. பாத்துக்கினே இரு!”

அன்று அவள் மடியில் ஒரு கை மல்லாட்டை இருந்தது உண்மை. அது வேறு விஷயம்.

சாபம் பலித்தது. எப்படிப் பலிக்காமல் போகும்? அன்று இரவு முழுக்க, பொம்பளை வாயில் விழுந்தது பலித்துவிடுமோ என்று பரசுராமன் பயந்தார். பயந்து பிடுங்கினார். காலையில் கண்ணாடியில் இடதுபக்கம் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. ஐயோ, பலிக்கிறதே என்று மேலும் பயந்து மேலும் பிடுங்கினார். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்த சாபம் அந்த ஜில்லாவில் வேறு இருக்காது. சாபம் கொடுத்தவளுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் வாங்கியவரே செய்து முடித்தார்.

மறைக்கிற வேலை தொடங்கியது. வலது பக்கம் மட்டும் ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டார். பல்வலி என்று துண்டால் கன்னத்தைக் கட்டினார். கார்த்திகை தீபம் முடிந்து, ஆருத்ரா தரிசனத்துக்கு அப்புறம் கோயிலில் கொடுக்கிற தீப மையை வாங்கிவந்தார். ஊர் அதை நெற்றியில் வைத்துக்கொள்ளும். இவர் விளக்குமாற்றுக் குச்சியால் மீசையின் ஓட்டையில் தீட்டிக்கொண்டார். மலைமேல் எரிந்த மை வெயிலில் வியர்த்து வாய்வரை வடிந்ததும், “இன்னா பரசு, மைய சாப்பிட்டியா?” என்று பாய் கேட்டார்.

பிடுங்கிய மயிரையும் அவர் கீழே போடுவதில்லை. வேர்ப் பக்கத்தை உதட்டில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார், அது ஒரு சுகம். உருட்டி முடித்ததும் வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஒரு பொந்தில் திணித்துவிடுவார். கீழே போட்டால் ராஜம்மாள் பெருக்கும்போது பார்த்துவிடுவாளே என்று பயம்.

அந்த வருஷம் போகிக்கு ராஜம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். பொந்தில் சுண்ணாம்பு இறங்கவில்லை. குச்சியை விட்டுக் குடைந்தாள். கட்டைவிரல் பருமனுக்கு மயிர் உருண்டை வந்து விழுந்தது. சுண்ணாம்பு மட்டையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

“அய்யோ, எம் புருஷன் மசிர எடுத்து எவளோ செவுத்துல வெச்சிட்டாளே! செய்வினை வெச்சிட்டாளே!”

மயிரும் நகமும் அகப்பட்டால் செய்வினை வைக்கலாம் என்பது எல்லாரும் அறிந்தது. தன் மயிரைத் தானே பிடுங்கித் தன் வீட்டுச் சுவரில் ஒரு மனிதன் ஒளித்து வைப்பான் என்பது யாருமே அறியாதது. தெரு எதை நம்பும்?

குறி சொல்லும் சடையனைக் கூட்டிவந்தார்கள். உருண்டையின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கண்ணை மூடினான். “கூடை எடுக்கற கை. மேற்கப் பாத்த வாசல்” என்றான். மல்லாட்டைக் கூடை எடுக்கிற ஆராயி வீட்டுக்கு மேற்குப் பார்த்த வாசல். அந்த வரிசை முழுக்கவே மேற்குப் பார்த்த வாசல்தான், சடையன் வீடு உட்பட. ஆனால் எல்லார் முன்னாலும் மீசைக்குச் சாபம் விட்டவள் ஒருத்திதானே.

இவ்வளவும் நடக்கும்போது பரசுராமன் உள்ளே முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னால் மீசை போயிற்று, கேட்டு வேலை போயிற்று, தெருவில் பையன்கள் பின்னாலேயே வருவார்கள். துண்டுக்குள்ளேயே வலதுபக்க மீசையையும் தொடங்கினார்.

ராஜம்மாள் துடைப்பக்கட்டையோடு ஆராயி வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். உரிக்கும் பெண்கள் ஆராயி பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். கொஞ்ச நாள் வராதே என்று பாய் சொல்லி அனுப்பினார். செய்வினைக்காரியை வைத்துக்கொண்டால் மற்றவன் வாடகைக்கு வரமாட்டான், மாசம் முடிவதற்குள் காலி பண்ணு என்றார் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி. பாத்திரம் இரண்டும் பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் வைத்திருக்கிறவளுக்குக் காலி பண்ணுவது கஷ்டமில்லை. எங்கே போவது என்பதுதான் கஷ்டம்.

தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆராயி வந்து எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும் என்று முடிவாயிற்று. ஆராயி கூப்பிடுமுன்பே வந்து நின்றாள்.

“தாராளமா அணைக்கிறேன். ஆனா ஒண்ணு. நான் செய்யலன்னு சூடத்த அணைச்சிட்டா, செஞ்சது யாரோ அவங்கள ஆத்தா தேடுவா. நாப்பது நாளைக்குள்ள எந்த வூட்ல எழவு வுழுதுன்னு எல்லாரும் பாத்துக்குங்க.”

பரசுராமன் கோயில் தூணோரம் உட்கார்ந்து இதைக் கேட்டார். அவருடைய மூளை கணக்குப் போட்டது. ஆராயி செய்யவில்லை. ஆகையால் அவளுடைய சத்தியம் நிற்கும். நின்றால் ஆத்தா செய்தவனைத் தேடுவாள். செய்தவன் யார்? மீசை போனால் கிண்டல். ஆத்தா வந்தால் பாடை. ஒரு பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாகப் போனதால் அவருக்குத் தைரியம் வந்தது. இதைப் பிற்பாடு சிலபேர் மனசாட்சி என்று சொன்னார்கள். அவர் மறுத்ததில்லை.

எழுந்தார். “சூடம் வாணாம். நாந்தான் புடுங்கனேன்” என்றார்.

ராஜம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எதப் புடுங்கனீங்க?” என்றாள் ராஜம்மாள்.

“மீசய. நானேதான். சின்ன வயசுலருந்து. செவுத்துல வெச்சதும் நாந்தான்.”

ராஜம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா, பாத்தீங்களா! மீசையத்தான் கொட்ட வெச்சாள்னு பாத்தா, புத்தியையும் கொழப்பிட்டாளே!”

சடையன் தலையை ஆட்டினான். “அவரு பேசல. உள்ள இருக்கறது பேசுது. வெச்சவளக் காப்பாத்தப் பாக்குது. இது பெரிய எடத்து வேல.”

“அட, நாந்தான்யா!”

“பாரு, எப்பிடிக் கத்துது.”

கூட்டத்தில் ஒருவன், “அப்பிடின்னா இப்பப் புடுங்கிக் காட்டச் சொல்லு” என்றான். நியாயமான யோசனை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பரசுராமன் கையை மீசைக்குக் கொண்டுபோனார். இத்தனை வருஷம் கேட்காமலே போன கை இப்போது மரக்கட்டைபோல நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்தார். வலியில் உயிர் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. விட்டுவிட்டார்.

“பொய்யி” என்றான் சடையன்.

மீசை முளைத்ததிலிருந்து யாருக்கும் தெரியாமல் காத்த ரகசியத்தைத் தானாகவே கொண்டுவந்து கொட்டினால் வாங்க ஆள் இல்லை. ஆராயிதான் வாயைத் திறந்தாள்.

“யோவ் சடையா, நீ சூடத்தப் பத்த வெய்யி. பத்தற வரைக்கும் ஒருத்தரும் அவரப் பாக்க வாணாம். எல்லாரும் சூடத்தப் பாருங்க.”

தை மாதக் காற்று. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. பெட்டி நமத்துப்போச்சு என்றான் ஒருவன். இந்தப் பக்கம் மறைப்பாக நில்லு என்றான் இன்னொருவன். பீடி பற்றவைக்கிற தீப்பெட்டியைக் கோயிலில் கொடுக்கிறாயே என்று சண்டை வந்தது. பற்றினால் தனக்கு என்ன ஆகுமோ என்று பரசுராமன் சூடத்தையே பார்த்துக்கொண்டு தூணோரம் குந்தியிருந்தார்.

“இப்பத் திரும்பிப் பாருங்க” என்றாள் ஆராயி, மெதுவாக.

எல்லாரும் திரும்பினார்கள். பரசுராமனின் வலது கை மீசைக்குள் இருந்தது. விரல் தேடியது, பிடித்தது, சுண்டியது. மயிரை உதட்டில் வைத்து உருட்டினார். வேட்டிமேல் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன. தெரு ஏன் சத்தமில்லாமல் போயிற்று என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் கை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

“நாலு வருஷமா எதுருல உக்காந்து உரிக்கறேன்” என்றாள் ஆராயி. “என் கை மல்லாட்டய உரிக்கும், அவரு கை மீசய உரிக்கும். சும்மா இருந்தா, யாராச்சும் வந்துட்டா, கை போயிடும். அவருக்கே தெரியாது.”

“தெரிஞ்சிக்கினேவாடி சும்மா இருந்த? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றாள் ராஜம்மாள்.

“நீ கேட்டியா? தொடப்பக்கட்டைய எடுத்துக்கினுதான வந்த.”

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. சாலையோரம் நின்றிருந்த பாய்தான் என்று சிலர் சொல்வார்கள். சிரித்துச் சிரித்துக் கூட்டம் கலைந்தது. சடையன் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் பரசுராமன் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து மிச்சமிருந்ததையும் மழித்துவிட்டு மண்டிக்குப் போனார்.

பாய் ஏறஇறங்கப் பார்த்தார். “அரே பரசு, நீயா? மொகம் பச்சப்புள்ள மாதிரி இருக்கே. உன்ன நம்பியா நான் இவ்ளோ நாளு தூங்கனேன்?” கேட்டுக்கு ஒரு நாய் வாங்கிக் கட்டினார். அந்த நாய்க்கும் பயம்தான். பயத்தில் யாரைக் கண்டாலும் குரைத்தது. வேலை நடந்தது.

ஆனாலும் பாய் கைவிடவில்லை. தனக்குச் சர்க்கரைக்கு மருந்து வாங்க வேலூருக்குப் போகும்போது பரசுராமனையும் கூட்டிக்கொண்டு போய் மனநோய்ப் பிரிவு வாசலில் உட்கார வைத்தார். பைத்தியக்கார டாக்டரிடமா என்று பரசுராமன் வெளிறிப் போனார். மழித்த உதட்டில் கை தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை, புருவத்துக்குப் போனது.

டாக்டர் இளவயசு. சிரிக்கவில்லை. அதுவே பெரிய ஆறுதல். “இதுக்குப் பேரு இருக்கு. உங்கள மாதிரி நெறைய பேரு வராங்க. ஜாஸ்தி பொம்பளப் புள்ளைங்க” என்றார்.

“பயத்துனால வருதுங்களா?”

“பயம் ஒரு வியாதி, இது ஒரு வியாதி. பயந்தவங்க எல்லாரும் புடுங்கறதில்ல. புடுங்கறவங்க எல்லாரும் பயந்தவங்க இல்ல, சில பேரு சும்மா உக்காந்திருக்கற அலுப்புலயே செய்வாங்க. ஆனா ரெண்டும் பங்காளிங்க மாதிரி. தனித்தனி வூடு, நடுவுல ஒரே செவுரு. ஒரு வூட்ல சண்டன்னா இன்னொரு வூட்ல தூக்கம் கெடும். உங்களுக்கு ரெண்டு வூட்லயும் ஆளு இருக்காங்க.”

பங்காளிகளைப் பற்றிச் சொன்னால் பரசுராமனுக்குப் புரியாமல் போகுமா? பயத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். கை எழும்பும்போது அதைத் தெரிந்துகொள்ளவேண்டும், உடனே முஷ்டியாக இறுக்கி வைத்துக்கொள்ளவேண்டும், சும்மா இருக்கிற நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்றார். ஒரேயடியாகப் போய்விடும் என்று சொல்லவில்லை. கம்மியாகும் என்றார்.

கைக்கு வேலை என்றதும் பாய் அதிகம் யோசிக்கவில்லை. பரசுராமனைக் கொட்டகையில் பெண்களோடு மல்லாட்டை உரிக்க உட்கார வைத்தார். மீசை இருந்தவரை அவரை ஒரு வேலையும் ஏவாத கொட்டகை இப்போது, “மாமா, சொத்தையத் தள்ளிட்டு உரிங்க மாமா” என்று அதிகாரம் செய்தது. உரித்தார். விரலுக்குள் ஓடு உடைகிற சத்தம் அந்தத் தேடலைக் கொஞ்சம் ஏமாற்றியது. முழுசாக இல்லை.

ஆராயியும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஆனால் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி மட்டும் இறங்கி வரவில்லை. செய்வினை இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சத்தியத்துக்கு நிறுத்தின பொம்பளை, பேர் கெட்டது கெட்டதுதான், மாசக் கடைசியில் சாவியைக் கொடு என்றார். குற்றமில்லை என்று ஆனதற்கும் பழையபடி இருக்கவிடுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது ஆராயிக்குத் தெரிந்தது.

“உன்னால வந்தது. நீ போய்ச் சொல்லு” என்றாள் பரசுராமனிடம்.

“நானா? அவரு கத்துவாரே.”

“கத்தட்டும். என்ன மட்டும் கொஞ்சனாரா?”

சக்கரவர்த்தி கத்தத்தான் செய்தார். வாசல்படிக்குக் கீழே நின்றுகொண்டு பரசுராமன் முஷ்டியை இறுக்கிவைத்தபடி எல்லாவற்றையும் சொன்னார். வாத்தியார், உச்சந்தலை, வெங்காயம், புளியங்குச்சி, மொட்டை, மீசை. யாரும் கேட்காத விவரத்தையெல்லாம் சொன்னார், நிறுத்தினால் திட்டு விழுமே என்ற பயத்தில். வேலூர் டாக்டர் சொன்னதுவரைக்கும் வந்தபோது சக்கரவர்த்தி கத்துவதை எப்போதோ விட்டிருந்தார். உள்ளே பார்த்து, “தண்ணி கொண்டா” என்று மனைவியை அனுப்பிவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார்.

“உச்சியிலயா ஆரம்பிச்சிது?”

“ஆமாங்க.”

“எத்தினி வயசுல?”

“பத்து இருக்கும்ங்க.”

சக்கரவர்த்தி குரலைத் தாழ்த்தினார். “எம் பொண்ணு வேதா. பன்னெண்டு வயசு. ரிப்பனக் கட்டி மறைச்சி ஸ்கூலுக்கு அனுப்பறோம். வெளிய புழுவெட்டுன்னு சொல்லி வெச்சிருக்கோம். சடையன்கூட வந்து மந்திரிச்சிட்டுப் போனான். கையக் கட்டிப் போட்டேன். அடிச்சும் பாத்துட்டேன்.”

“அடிக்காதீங்க” என்றார் பரசுராமன். வீட்டுக்காரரிடம் எதிர்த்துப் பேசுகிறோம் என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. “அடிச்சா ஜாஸ்தியாவும். அந்தப் புள்ள வேணும்னு செய்யல.”

சக்கரவர்த்தி ஒரு படி இறங்கி வந்தார். பிறகு, வேலூரில் அந்த டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பார், எங்கே சீட்டு வாங்கவேண்டும், உள்ளே அப்பனையும் விடுவார்களா என்று கேட்டார். பரசுராமன் சொன்னார். வேண்டுமானால் கூட வருவதாகவும் சொன்னார். திரும்பிப் போகும்போது, “அந்தப் பொம்பள அங்கயே இருக்கட்டும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கொட்டகைக்குத் திரும்பி ஆராயியிடம் சேதியைச் சொன்னார். வேதாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் கை நிறுத்தாமல் உரித்துக்கொண்டே இருந்தது. மூச்சு மட்டும் ஒருதரம் நீளமாக வந்தது.

“இவ்ளோ தூரம் எறங்கி வந்தாரே, வாடகையக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லிக் கேட்டியா?”

“கேக்கல.”

“ஏன்யா?”

“பயமா இருந்துச்சி.”

“அது தெரிஞ்ச கததான” என்று ஆராயி நகர்ந்து இடம் விட்டாள். “உக்காரு. அந்தக் குவியல் உன்னுது.”